கொப்பிப் பொதியும் கடையின் பெயரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒவ்வோர் ஆண்டும் பாடசாலை தொடங்கும் காலத்தில் நமது தமிழ்ப் பத்திரிகைகளின் உள்ளூர்ச் செய்திப் பக்கங்களில் தவறாமல் இடம்பெறும் ஒரு படத்தைப் பற்றியே இக்கடிதம். பின்னால் வர்த்தக நிலையத்தின் பெயர் பொறித்த பதாகை, முன்னால் வரிசையாகப் பிள்ளைகள், நடுவில் அப்பியாசக் கொப்பிப் பொதியின் ஒரு முனையைப் பிடித்தபடி கமராவைப் பார்க்கும் முதலாளி. அந்த முதலாளியின் இடத்தில் நானும் ஒருமுறை நின்றிருக்கிறேன்.

கொட்டாஞ்சேனையில் காகிதாதிகள் விற்கும் சிறு கடை என்னுடையது. 2019 ஜனவரியில் நாற்பது பிள்ளைகளுக்குக் கொப்பி வழங்கினேன். படமும் அச்சில் வந்தது. வியாபாரம் ஒரு சதமும் கூடவில்லை. படத்தில் நின்ற ஒரு சிறுமியின் தாய், அதுவரை பேனையும் கொப்பியும் என்னிடமே வாங்கிவந்தவர், எதிர்ப்பக்கக் கடைக்குப் போகத் தொடங்கினார். பத்திரிகையில் வந்த படத்தைக் காட்டி வகுப்பில் மற்றப் பிள்ளைகள் மகளைக் கேலி செய்தார்கள் என்பது வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. இலவசமாகக் கொடுத்த கொப்பிகளால் காசு கொடுத்து வாங்கிய ஒருவரை இழந்தேன்.

அதன் பிறகு, கடைக்கு அருகிலுள்ள சிறுவர் இல்லமொன்றுக்குச் சென்று என்ன தேவை என்று கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஜனவரியில் கொப்பிகள் வைக்க இடமில்லாத அளவுக்கு வந்து குவிகின்றன என்றும், இரண்டாம் தவணை நடுவில் அவை தீர்ந்துபோகும்போது கேட்க ஆளில்லை என்றும் பொறுப்பாளர் அம்மா சொன்னார். சாப்பாடும் அப்படித்தானாம்: ஒரே நாளில் மூன்று வீட்டாரின் பிறந்தநாள் விருந்து வரும், அடுத்த வாரம் முழுவதும் ஒன்றும் வராது. அன்றிலிருந்து நூறு ரூபாய் விற்பனைக்கு ஒரு ரூபாய் வீதம் தனியே எடுத்துவைத்து, மாதந்தோறும் 5ஆம் திகதி அவர்கள் எழுதித் தரும் பட்டியலின்படி பொருட்களை அனுப்பிப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்கிறேன். இதில் என் புதுமை எதுவுமில்லை. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமை என்று ஒதுக்கிக் கோயிலுக்கும் அறத்துக்கும் கொடுப்பது தமிழ் வணிகர்களின் பழைய வழக்கம். கொழும்பு செட்டியார் தெருவிலிருந்து முருகனின் ஆடிவேல் ஊர்வலம் புறப்படும் மரபும் வணிகர்களின் கொடையால் வளர்ந்ததுதான்.

இந்தப் பழக்கம் கடைக்கு என்ன செய்தது என்பதை 2022இல்தான் உணர்ந்தேன். டொலர் தட்டுப்பாட்டால் காகித இறக்குமதி முடங்கி, மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்ட காலம் அது. புறக்கோட்டையில் மொத்த வியாபாரிகள் கைக்காசு இல்லாமல் சரக்குக் கொடுக்க மறுத்தார்கள். எனக்கு மட்டும் ஒருவர் முப்பது நாள் கடனுக்குத் தந்தார். காரணம் கேட்டபோது, அவருடைய முச்சக்கரவண்டி ஓட்டுநர்தான் என் பொதிகளையும் இல்லத்துக்கு ஏற்றிச் செல்பவர் என்றார். "கேட்க ஆளில்லாத இடத்துக்கே திகதி தவறாமல் அனுப்புகிறவர், நான் கேட்டால் தராமல் விடுவாரா?" என்றும் சொன்னார். பதாகைக்கு நான் முன்பு செலவழித்த பணம் இந்த ஒரு வார்த்தையை வாங்கித் தரவில்லை. பெரிய நிறுவனத்துக்குத் தொலைக்காட்சி விளம்பரம் இருக்கிறது. சிறு கடையின் பெயரோ ஓட்டுநர், பக்கத்துக் கடைக்காரர், பொறுப்பாளர் அம்மா போன்றவர்களின் வாயில்தான் இருக்கிறது. ஒரு நாள் விழாவைப் பற்றிப் பேச அவர்களுக்கு அதிகம் இல்லை. மாதாமாதம் கண்ணில் படுவதை யாரும் கேட்காமலே பேசுகிறார்கள்.

ஆனால் கொடை எல்லாவற்றையும் மூடிவிடும் என்று எண்ணுவோரும் நம்மிடையே உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்த வேண்டிய, சம்பளத்தின் 12 சதவீதத்தைக் கட்டாமல் இழுத்தடித்துக்கொண்டே வெசாக்குக்குத் தன்சல் (இலவச உணவுப் பந்தல்) போடுகிறவரைப் பற்றி, அவருடைய கடையில் நிற்கும் பையன் தேநீர்க் கடையில் என்ன சொல்வான் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. ஊரை அடித்து உலையில் போட்டவர் அந்த உலைச்சோற்றையே ஊருக்குப் பரிமாறினாலும் பெயர் மாறாது. பெறுகின்ற நிறுவனம் முறையாகப் பதிவு செய்யப்பட்டதா, கணக்குக் காட்டுகிறதா என்று பார்ப்பதும் கொடுப்பவரின் பொறுப்பே. அது பிழைத்தால் அதன் பெயரோடு நம் பெயரும் சேர்ந்தே கெடும்.

ஆசிரியர் அவர்களிடம் எனது வேண்டுகோள் இரண்டு. உதவி பெறும் பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைத் தயவுசெய்து பிரசுரிக்க வேண்டாம். அந்த இடத்தில், மாதம் ஒருமுறையாவது, கொழும்பிலுள்ள சிறுவர் இல்லங்களும் முதியோர் இல்லங்களும் தங்களுக்கு அந்த மாதம் உண்மையில் தேவைப்படுவதை எழுதி அனுப்பும் பட்டியலை வெளியிடுங்கள். எந்தக் கடைக்காரர் எதைக் கொடுத்தார் என்று நீங்கள் அச்சிடாவிட்டாலும் அந்தத் தெருவுக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
சிறு வணிகர் ஒருவர்,
கொழும்பு 13.