மலை ஏறப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

தம்பி சொல்லித்தான் தெரிந்தது, அடுத்த மாதம் நீ ஆல்ப்ஸில் மோன்ட் பிளாங்க் ஏறப் போகிறாய் என்று. போன வாரம் அவ்வளவு நேரம் பேசினோம், நீ வாயே திறக்கவில்லை. சொன்னால் அப்பா அந்தப் பழைய பேச்சை எடுப்பார் என்று நினைத்திருப்பாய். சரி, எடுக்கவில்லை.

அன்றிலிருந்து அந்த மலையைப் பற்றித்தான் படிக்கிறேன். 1786-இல் பால்மாவும் பக்கார்டும் முதன்முதலாக ஏறினார்கள், கயிறுகூட இல்லாமல். பக்கார்ட் ஒரு டாக்டர். அவருக்கே இறங்கும்போது பனியின் வெளிச்சத்தில் கண் தெரியாமல் போய்விட்டது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதே.

ஏறும் வழியில் தங்குவதற்கு இருக்கும் தெத் ரூஸ் குடிலுக்கும் அதற்கு மேலே கூட்டே குடிலுக்கும் நடுவில் ஒரு செங்குத்துச் சரிவைக் குறுக்கே கடக்க வேண்டும். அங்கே கற்களைப் பிடித்து வைத்திருப்பது உறைந்த பனிதான். வெயில் ஏற ஏறப் பிடி விட்டு உருள்கின்றன. ஏறும்போது காலையிலேயே கடந்துவிடுவாய். உச்சியைத் தொட்டுவிட்டு வரும்போதுதான் மதியம் தாண்டிவிடும். அப்போது கடக்காதே. கூட்டேயில் இன்னொரு ராத்திரி தங்கி, மறுநாள் காலையில் இறங்கு. முன்பதிவையே இரண்டு ராத்திரிக்குச் செய்துவிடு.

உன்னால் முடியாது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறாள். எனக்கும் பெருமைதான். நீயே சொல்லியிருந்தால் மனசு இன்னும் நிறைந்திருக்கும்.

எடுக்க மாட்டேன் என்றேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. காய்ந்த குளிர்காற்று உனக்கு ஆகாது. அது உனக்கே தெரியும். இன்ஹேலரை முதுகுப்பையின் வெளி அறையில் வைக்காதே, குளிரில் மருந்து சரியாகப் பீச்சாது. உள்சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி இருக்கட்டும். கைடிடமும் சொல்லிவிடு, வெட்கப்படாதே. 4,800 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்றுத்தான் மேல். அங்கே எல்லோருக்கும்தான் மூச்சு வாங்கும். உனக்கு வாங்குவது எந்த மூச்சு என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒரே கயிற்றில் உன்னோடு வருகிறவர் அவர். ராத்திரி முழுக்க நீ தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தே விடிந்த நாட்களை அவர் பார்த்ததில்லை. நானும் அம்மாவும் பார்த்திருக்கிறோம்.

தலைவலி, குமட்டல், நெஞ்சில் இறுக்கம், எது வந்தாலும் இறங்கிவிடு. உச்சி கண்ணுக்கெதிரே தெரிந்தாலும் இறங்கிவிடு. பணம் போனால் போகட்டும், நான் தருகிறேன்.

கைடிடம் சொல்லிவிட்டாயா என்று ஒரு வரி எழுது. அந்த இரண்டாம் ராத்திரி முன்பதிவையும் மறக்காதே.

அப்பா