கானர்ஸ் டாக்டரும் பதினொரு மாதமும்

அயனாவரம், சென்னை
ஞாயிறு மாலை

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. தம்பியை மூன்றாவது தடவையாகக் குடிநோய் சிகிச்சைக்குச் சேர்த்திருப்பதைப் படித்ததும் பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. போன் பண்ணாதே, அழுதுவிடுவேன் என்று நீயே எழுதியிருந்ததால் கூப்பிடவும் இல்லை.

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறார். மகள் பத்தாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோடு பிளாட்பாரத்தில் பழைய புத்தகம் பார்க்கப் போனேன். தடியான ஒரு ஸ்பைடர்-மேன் தொகுப்பு கிடைத்தது. நாம் லயன் காமிக்ஸில் படித்த குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர் இல்லை, அமெரிக்காவின் சிலந்தி மனிதன். முந்நூறு சொன்னார், இருநூற்று இருபதுக்குக் கொடுத்தார். வீட்டில் பிரித்து வைத்திருந்தபோது அப்பா எட்டிப் பார்த்தார். ஒரு கை இல்லாமல், கோட்டின் கை மட்டும் வெறுமையாகத் தொங்கும் ஒரு டாக்டர். "யாருப்பா இது, நம்ம மாயாவியா?" என்றார்.

உனக்கு ஞாபகம் இருக்கும். 1972-ல் முத்து காமிக்ஸ், போன கைக்குப் பதில் இரும்புக்கை பொருத்திய நாயகன் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியதிலிருந்து அப்பா அதன் வாசகர். அம்பத்தூரில் பவர் பிரஸ் அவருடைய வலது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டபோது நாம் ஆறாவது படித்துக்கொண்டிருந்தோம். கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து, "மாயாவிக்கு இரும்பாவது கிடைச்சுது" என்று ஒரு நாள் சொன்னார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று நம் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அந்த ஒற்றைக் கை டாக்டரின் பெயர் கர்ட் கானர்ஸ். 1963 நவம்பர் தேதியிட்ட 'அமேசிங் ஸ்பைடர்-மேன்' ஆறாம் இதழில் வருகிறார். கதை ஸ்டான் லீ, படம் ஸ்டீவ் டிட்கோ. அறுவை சிகிச்சை நிபுணர், போரில் வலது கையை இழந்தவர். ஃபுளோரிடா சதுப்பு நிலத்துப் பக்கம் மனைவியோடும் சின்ன மகனோடும் இருந்துகொண்டு ஊர்வனவற்றை ஆராய்கிறார். வால் போன பல்லிக்கு வால் முளைக்கிறதே, மனிதனுக்கு ஏன் கை முளைக்கக் கூடாது? ஒரு மருந்தைக் காய்ச்சித் தானே குடிக்கிறார். கை முளைக்கிறது. அதோடு நிற்காமல் உடம்பெல்லாம் செதில் வந்து, வால் வந்து, ஆள் பல்லியாகிவிடுகிறார். கடைசியில் புத்தியும் மாறி, ஊர்வனவற்றைப் படையாகத் திரட்டி மனிதர்களை அழிக்கப் பார்க்கிறார்.

இருபத்தைந்து வருஷமாக விலங்கியல் பாடம் எடுப்பவன் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பல்லிக்குத் திரும்ப முளைக்கும் வாலுக்குள் முதுகெலும்பு கிடையாது, குருத்தெலும்புக் குழாய்தான். அறுந்த காலை முழுதாக முளைக்க வைப்பது ஆக்சலாட்டில் போன்ற சாலமாண்டர்கள், அதாவது தவளை இனத்துக்கு உறவான வாலுள்ள பிராணிகள். நமக்கும் கொஞ்சம் உண்டு. துண்டான விரல் நுனியைத் தைக்காமல் விட்டாலே சின்னக் குழந்தைகளுக்கு அது மறுபடி வளர்வதை 1974-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஒரு டாக்டர் எழுதி வைத்தார். அப்பாவுக்கு விரல் போனபோது அவர் குழந்தையும் இல்லை, போனது நுனியும் இல்லை. ஆனால் கானர்ஸ் ஏன் அந்த மருந்தைக் குடித்தார் என்பது எனக்கு அந்தத் திண்ணையிலிருந்தே தெரியும். அவரிடம் பேராசை எதுவும் இல்லை. இரண்டு கையாலும் மகனைத் தூக்க நினைத்திருப்பார்.

உன் தம்பியைப் பல்லி என்று சொல்ல வருவதாக நினைத்துவிடாதே. சொல்ல வருவது வேறு.

பல்லியைக் கொல்ல ஸ்பைடர்-மேன் முயலவில்லை. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிக்கிற பையன்தானே அவன். கானர்ஸின் வீட்டிலேயே உட்கார்ந்து, அவருடைய குறிப்புகளையே படித்து மாற்று மருந்து தயாரிக்கிறான். அதைப் பல்லியின் வாயில் ஊற்ற உயிரைக் கொடுத்துப் போராடுகிறான். மனிதர் திரும்பி வருகிறார். 1967 தொடக்கத்தில் மறுபடி பல்லியாகிறார். மறுபடி மீட்கிறான். அதற்குப் பிறகும் பல தடவை.

முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் நடுவில், 1966-ல் வந்த 32, 33-ஆம் இதழ்களை நீ படிக்க வேண்டும். ஸ்பைடர்-மேனைத் தாயாக வளர்த்த மே பெரியம்மா சாகக் கிடக்கிறாள். பையன் முன்பு கொடுத்த அவனுடைய கதிரியக்க ரத்தமே அவளுக்கு விஷமாகிவிட்டது. அவன் ஓடுவது கானர்ஸிடம். அவர் ஒற்றைக் கையோடு ராத்திரி முழுக்க வேலை செய்கிறார். ஐஎஸ்ஓ-36 என்ற மருந்து வேண்டும் என்கிறார். அதைக் கொண்டுவரத்தான் ஸ்பைடர்-மேன் தன்மேல் விழுந்த ஒரு பெரிய இயந்திரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்து வருகிறான். கானர்ஸ் சோதித்துக் கொடுக்கிறார். பெரியம்மா பிழைக்கிறாள்.

நீ எழுதியிருந்தாய்: "பதினொரு மாசம் தொடாம இருந்தான். எல்லாம் வீண்." இந்த ஒன்றை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உன் அம்மாவின் ஆபரேஷனுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் கிடைக்காமல் நாம் அலைந்த நாளில், முதல் பஸ் பிடித்து வந்து ரத்தம் கொடுத்தது யார்? அப்போது அவன் குடியை விட்டு ஏழு மாதம். மறுபடி விழுந்தான், சரி. ஆனால் அம்மா பிழைத்தாளே. அந்த ஏழு மாதத்தை யார் திருப்பி எடுத்துக்கொள்ள முடியும்? இந்தப் பதினொன்றும் அப்படித்தான்.

இது தீருமா என்று கேட்டிருந்தாய். அந்தப் பதில் என்னிடம் இல்லை, டாக்டர் சொல்வதைக் கேள். ஒன்று மட்டும் செய்யலாம் என்று தோன்றுகிறது. கானர்ஸுக்கான மருந்து கானர்ஸின் குறிப்புகளிலிருந்தே கிடைத்தது. தம்பி வெளியே வந்ததும், திட்டாமல், ஒரு லாங் சைஸ் நோட்டைக் கொடு. அந்தப் பதினொரு மாதத்தில் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தான், யாரோடு பேசினான், சாயங்காலம் ஆறு மணியை எப்படிக் கடந்தான், எந்த நாளில் உடைந்தது என்று அவனே எழுதட்டும். அவன் சம்மதித்தால் டாக்டரும் படிக்கட்டும்.

இரண்டாம் சனிக்கிழமைக்கு முந்தின ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் கிளம்புகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. தொகுப்பைக் கொண்டு வருகிறேன், நோட்டு நானே வாங்கி வருகிறேன். முதல் பக்கத்தில் தம்பியின் பெயரை அப்பாதான் எழுதித் தருவாராம். மூன்று விரலால் எழுதும் அந்தக் கையெழுத்து இன்னும் முத்து முத்தாகத்தான் இருக்கிறது.

உன்
பழைய பெஞ்சுக்காரன்