பாடசாலைக் கிணற்றுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

மாரி வெள்ளம் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையை மூடியபோது எங்கள் பாடசாலை முற்றத்தில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே வெள்ளத்துக்குள் கிடந்தன. இன்று பிள்ளைகள் அதே கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். அதற்காக உழைத்தவர்களுக்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் எழுதும் மடல் இது.

முதல் நன்றி எங்கள் விஞ்ஞான ரீச்சருக்கு. வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையிலிருந்து மண்முனைப் பாலம் கடந்து நாளாந்தம் வருகிறவர், விடுமுறையிலும் வந்தார். வெள்ளம் வடிந்த மறுநாளே பம்பைப் போட்டுக் கிணற்றை ஒட்ட இறைக்க ஊரே ஆயத்தமாக நின்றது. பொறுங்கள் என்றவர் அவர்தான். சுற்றியுள்ள நிலத்தில் நீர் ஊறி நிற்கும்போது கிணற்றை வெறுமையாக்கினால் வெளி அழுத்தத்தைத் தாங்க உள்ளே ஒன்றுமில்லை. கிணற்றுச் சுவராக அடுக்கிய வளையங்களான கொட்டுகள் விலகும், அடியிலிருந்து மணல் பொங்கும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையோரத்தில் திரும்பத் திரும்ப இறைத்தும் உப்புப் போகாத கிணறுகளை அவர் எடுத்துக் காட்டினார். அங்கே மணலுக்குள் நன்னீர் உப்புநீரின் மேல் மெல்லிய படையாகக் கிடக்கிறது. அளவுமீறி இறைத்தால் அடியிலுள்ள உப்புத்தான் மேலே ஏறும். நிலநீர் இறங்கும்வரை காத்திருந்து, பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகவே இறைத்தோம். அந்த நாட்களில் பவுசரில் குடிநீர் கொண்டுவந்த ஊழியர்களையும் மறக்கவில்லை.

பம்பு தந்த அண்ணனுக்கும், கிணற்றில் இறங்கிய தம்பிமாருக்கும் நன்றி. பம்பைக் கிணற்றுக்குள் இறக்காமல், காற்று வீசும் பக்கம் பார்த்து, புகை கிணற்றுப் பக்கம் வராதபடி தள்ளி வைத்தார்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். எரிந்த பெற்றோலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. விளக்கை இறக்கிப் பார்த்தால் ஒட்சிசன் குறைவுதான் தெரியும். இந்த நச்சுவாயு இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். காலில் புண் இருந்தவர்களை எலிக்காய்ச்சலுக்குப் பயந்து சேற்றில் இறக்கவில்லை. அவர்கள் மேலே நின்று கயிறு பிடித்தார்கள், கடகத்தில் வந்த சேற்றை வாங்கிக் கொட்டினார்கள். அம்மாமார் பொச்சுமட்டையால் கிணற்றுக்கட்டையும் வாளிகளையும் உரஞ்சிக் கழுவினார்கள்.

குளோரின் கணக்கு ஒன்பதாம் தரப் பிள்ளைகள் போட்டது. விட்டம் 4 அடி, நீர் 6 அடி. ஏறத்தாழ 2,100 லீற்றர். லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டும். வெளிற்றும் தூளில் (பிளீச்சிங் பவுடர்) மூன்றிலொரு பங்குதான் குளோரின் என்பதால் 320 கிராம் தூள். திறந்து வைத்த பழைய பை ஈரத்தில் வலுவிழந்திருக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஐயா புதுப்பை கொண்டுவந்து தந்தது பேருதவி. நீல வாளியில் கரைத்து வைத்தபோது சுண்ணாம்பு வெள்ளையாக அடியில் படிந்தது. மேலே நின்ற தெளிவை மட்டும் வார்த்து, கொட்டுச் சுவரிலும் ஊற்றி, ஓர் இரவு விட்டோம். சேறு கலங்கிய நீரில் ஊற்றியிருந்தால் குளோரினைச் சேறே தின்றிருக்கும். அதனால்தான் கழுவலும் இறைப்பும் முதலில் நடந்தன. மறுநாள் குளோரின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்வரை இறைத்து, ஐயா சோதித்துச் சொன்ன பிறகே பிள்ளைகளுக்குக் கொடுத்தோம்.

வீட்டுக் கிணறுகளிலும் இதே வேலை தொடர்கிறது. தேத்தண்ணியில் குளோரின் மணக்கிறது என்று சில வீடுகளில் குளோரின் போடாத பழைய தண்ணீருக்கே திரும்பினார்கள். ரீச்சர் வீடு வீடாகப் போய், பானையில் துணி கட்டி இரவு முழுக்க வைத்தால் மணம் குறையும் என்று காட்டினார். பாடம் முடிந்த பின், பஸ் வருவதற்கு இடையில் கிடைக்கும் நேரத்தில் செய்த வேலை அது. அந்த ஓய்வை அவர் எங்களுக்குத் தந்தார். அதற்கு எங்கள் பிள்ளைகளின் பெயராலும் நன்றி சொல்கிறோம்.

நாலு கடகமும் ஒரு நீளக் கயிறும் இன்னும் பாடசாலை விறாந்தையில் இருக்கின்றன. உரியவர்கள் வந்து எடுத்துச் செல்லுங்கள்.

இங்ஙனம்,
பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினர்