31ஆம் தேதியைப் பற்றிக் கேட்டவருக்கு

நீதிமன்றச் சமரச மையத்தில் ஒப்பந்தம் கையெழுத்தாகி ஐந்து நாள் ஆகிறது. மோட்டார் ரூம் சாவி இப்போது இரண்டு வீட்டிலும் தொங்குகிறது. மேலத்தோட்டத்து வீடும் கீழத்தோட்டத்து வீடும் சேர்ந்து எழுதும் மடல் இது. எங்கள் பொதுக்கிணற்றில் யார் எப்போது மோட்டார் ஓட்டுவது என்ற வழக்கு ஊரறிந்தது, திரும்ப விரிக்க வேண்டாம். அந்த அறைக்குள் யார் என்ன பேசினார்கள் என்பதும் வெளியே வரக்கூடாதது. அந்தக் காப்பு இருப்பதால்தான் அங்கே யாரும் வாய் திறக்கிறார்கள். கையெழுத்திட்ட தாளில் இருப்பதையும் அது எழுதப்பட்ட விதத்தையும் மட்டும், இரு வீட்டுச் சம்மதத்தோடு சொல்கிறோம். பொதுக்கிணறு வைத்திருக்கும் பங்காளிகள் இன்னும் பலர் இருக்கிறார்களே.

முதல் நன்றி, வரைவைத் தட்டச்சு செய்த அம்மாவுக்கு.

மூன்றாம் அமர்வு முடிந்தபோது ஒப்பந்தம் இரண்டே வரியில் இருந்தது. ஒற்றைப்படைத் தேதி மேலத்தோட்டத்துக்கு, இரட்டைப்படை கீழத்தோட்டத்துக்கு, செலவு சரிபாதி. வக்கீல்களும் தலையாட்டிவிட்டார்கள். அடித்த தாளை உரக்க வாசித்துக் காட்டியவர் நடுவில் நிறுத்திக் கேட்டார்: "31ஆந் தேதி மேலத்தோட்டத்து முறை. மறுநாள் 1ஆந் தேதி. அதுவும் அவங்க முறைதானுங்களா ஐயா?"

31 நாள் உள்ள மாதங்கள் ஏழு. கூட்டிப் பார்த்தால் வருடத்தில் ஒற்றைப்படை நாள் 186, இரட்டைப்படை 179. லீப் வருடம் என்றால் வித்தியாசம் எட்டு. அதைவிட மோசம், மார்ச் 31ம் மே 31ம் கோடையில் வருவது. கீழத்தோட்டத்துப் பயிர் தொடர்ந்து இரண்டு நாள் காய்ந்திருக்கும். அடுத்த சண்டைக்கு நாமே நாள் குறித்துக் கொடுத்திருப்போம். இருதரப்பும் மனமொப்பிப் பெறும் தீர்ப்பாணைக்கு மேல்முறையீடும் கிடையாது.

சமரசர் பேச்சைத் திரும்பத் தொடங்கினார். தேதி போய்க் கிழமை வந்தது. திங்கள், புதன், வெள்ளி மேலத்தோட்டம். செவ்வாய், வியாழன், சனி கீழத்தோட்டம். ஞாயிறு கிணறு ஊறட்டும்.

அதற்குப் பிறகு அந்த அம்மா ஒரு வேலை செய்தார். தெளிவில்லாத இடத்தில் தாமாக எதையும் நிரப்பாமல் வெறும் கோடு போட்டு, "இங்க என்னங்க அடிக்கட்டும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். யோசனை சொல்லவில்லை, யார் பக்கமும் பேசவில்லை. கோடு மட்டும். அலுவலக நேரம் முடிந்தும் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

முறை எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பது ஒரு கோடு. மோட்டாருக்கு வேண்டிய மும்முனை மின்சாரம் நடுராத்திரியிலும் வரும் என்பதால் காலை 6 முதல் மறுநாள் காலை 6 வரை என்று எழுதினோம். கரண்ட் போனால் என்பது அடுத்த கோடு. ஸ்டார்ட்டர் பெட்டியில் ஓடிய மணியைக் காட்டும் மீட்டர், பக்கத்தில் ஒரு நோட்டு, ஆரம்பித்த நேரம், நிறுத்திய நேரம். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த நட்டம் கணக்கில் இல்லை. அதற்கு மேல் போனால் ஞாயிற்றுக்கிழமை ஈடு.

நீண்ட நேரம் எடுத்தது மோட்டார் காயில் எரிவது பற்றிய கோடு. சும்மா 'சரிபாதி' என்று விட்டிருந்தால் அங்கேதான் உடைந்திருக்கும். மூன்று பேஸில் இரண்டு மட்டும் வரும்போது கண்டன்சர் போட்டு ஓட்டி எரித்தால் ஓட்டியவரே முழுச் செலவு. மற்றபடி எரிந்தால், யார் முறையோ அவர் அன்றே காயிலைத் திரும்பச் சுற்ற ரீவைண்டிங்குக்குக் கொண்டுபோக வேண்டும், மற்றவர் பில்லைப் பார்த்து 15 நாளில் பாதி தர வேண்டும். தராவிட்டால் ரூமைப் பூட்டலாம் என்று முதல் வரைவில் இருந்ததைச் சமரசர் எடுக்கச் சொன்னார். பாக்கி ஒரு மாதம் காத்திருக்கும், கத்தரிச் செடி காத்திருக்காது. இப்போது இருப்பது இதுதான்: ஏழு நாளுக்குள் வீட்டுக்கு ஒருவராக உட்கார்ந்து பேசுவது, முடியாவிட்டால் மறுபடி சமரசரிடம் போவது, கோர்ட் அதற்கும் பிறகு.

'இனி சுமுகமாக நடந்துகொள்வோம்' என்ற வரியை மட்டும் அந்த அம்மா கோடு போடாமல் தட்டச்சு செய்தார். அழகான வரிதான். மோட்டார் எரிந்த அன்று அதை வைத்து யாரும் எதையும் செய்ய முடியாது.

சமரசருக்கும் நன்றி. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவரைக் குறுக்கிட விடாததும், தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டதை அனுமதியில்லாமல் அடுத்த அறைக்குக் கொண்டுபோகாததும், கடைசிவரை தீர்ப்பு என்று ஒன்றைச் சொல்லாததும்தான் அவர் கைத்திறன். கட்டப் பஞ்சாயத்தில் பலமுள்ளவன் முடிவு சொல்வான், இங்கே முடிவைச் சொல்ல வேண்டியவர்கள் நாங்களே. வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பிய நீதிபதிக்கும், நாங்கள் பேச வேண்டிய இடத்தில் தாங்கள் பேசாமலிருந்த இரு வக்கீல்களுக்கும், மீட்டர் மாட்டிய வயர்மேன் தம்பிக்கும், சாட்சிக்கு வராமல் சாப்பாடு மட்டும் கொடுத்தனுப்பிய அத்தைக்கும் நன்றி. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005இல் சமரச மையத்தைத் தொடங்கியவர்களையும் நினைத்துக்கொள்கிறோம். அதன் வழிவந்த மாவட்ட மையத்தில்தான் காசு வாங்காமல் எங்களை உட்காரவைத்தார்கள்.

சமரசத்தில் முடிந்ததால் வழக்குக்குக் கட்டிய நீதிமன்றக் கட்டணம் முழுதும் திரும்ப வரும். அதை இந்தக் கோடையில் தூர்வாருவதற்கு முன்பணமாகப் போடுவதாக மேலத்தோட்டத்து வீடு ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒப்பந்த நகல் மோட்டார் ரூம் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. வேண்டியவர்கள் வந்து எழுதிக்கொள்ளலாம்.

வரும் 31ஆம் தேதி சனிக்கிழமை, கீழத்தோட்டத்து முறை. மறுநாள் ஞாயிறு. நோட்டில் பாக்கி மணி இல்லையென்றால் மோட்டார் ஓடாது.