உரை வேண்டாம், வந்து உட்காருங்கள்

லெபோ பசார், லெபோ பினாங் தெருக் கடைக்காரர்களுக்கும், பூ கட்டும் அம்மாக்களுக்கும், துறைமுகத்தில் உழைத்து ஓய்ந்த பெரியவர்களுக்கும்,

வணக்கம். நான் பினாங் ஜோர்ஜ்டவுனில் இடைநிலைப்பள்ளி ஒன்றில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். எங்கள் வகுப்புக்கு வந்து மாணவர்களின் நேர்காணலுக்கு உட்கார முடியுமா என்று போன மாதம் உங்களில் சிலரைக் கடை கடையாக வந்து கேட்டேன். முக்கால்வாசிப் பேர் சொன்ன பதில் ஒன்றுதான்: "நமக்கு என்ன தெரியும் டீச்சர், நாலு எழுத்து படிச்சவங்களக் கூப்பிடுங்க."

படித்தவர்களைக் கூப்பிட்டுப் பார்த்தாயிற்று. அதனால்தான் இந்த மடல்.

முன்பு நான் வேலை செய்த பள்ளிக்கு ஒரு பிரமுகர் வந்தார். 40 நிமிட வகுப்பில் 35 நிமிடம் தாய்மொழியின் பெருமையைப் பேசினார். பிள்ளைகள் 2 வாரம் உட்கார்ந்து எழுதிய கேள்விகள் தாளிலேயே கிடந்தன. கடைசியில் எல்லாரும் நின்று ஒரு படம் பிடித்துக்கொண்டோம். சரி, அவரை மட்டும் குறை சொல்லக்கூடாது. அழைப்பில் 'சிறப்புரை' என்று எழுதியது நான்தான்.

என் மாணவர்கள் கட்டுரை நன்றாகவே எழுதுவார்கள். ஆனால் முன்பின் தெரியாத ஒருவரிடம் தமிழில் ஒன்று கேட்டு, அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைக் கேட்பது வராது. கடைக்குப் போனால் மலாய், நண்பர்களோடு கலவை, வீட்டில் 'ம்', 'சரிம்மா'.

போன வருடம் பூ கட்டும் அம்மா ஒருவர் வந்தார். "பூ கட்ட உங்களுக்குப் பிடிக்குமா?" என்று ஒருத்தி கேட்டாள். "பிடிக்கும்" என்றார். வகுப்பே கப்சிப். அப்புறம் பின்வரிசைப் பையன் ஒருவன், "முழம்னா எவ்வளவு?" என்றான். அம்மா எழுந்து போய் அவன் கையைப் பிடித்து, முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து காட்டினார். "அப்போ உங்க முழமும் என் முழமும் வேறயா?" அங்கே பற்றிக்கொண்டது. குட்டைக் கைக்காரரிடம் வாங்கினால் நமக்கு நட்டமா, தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் கோவில் வீட்டை விட்டுக் கிளம்பும் அன்று எத்தனை மணிக்கு எழுவீர்கள், கை வலிக்காதா... மணி அடித்தும் யாரும் நகரவில்லை. சரம், கதம்பம், ஆரம் எல்லாவற்றுக்கும் கட்டு வேறு என்று நானே அன்றுதான் சரியாகத் தெரிந்துகொண்டேன்.

உங்களில் சென்னையிலிருந்து சிதம்பரம் கப்பலில் வந்து இறங்கியவர்கள் இன்னும் இருக்கிறீர்கள். 1985இல் அது தீப்பிடித்ததோடு அந்தப் பயணமும் நின்றுபோனது. என் பிள்ளைகளுக்குக் கப்பல் என்றால் எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்குப் போகும் ஃபெரிதான். 1816இல் பினாங் ஃபிரீ பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கியதைப் பாடத்தில் சொல்லிவிடுகிறேன். தொங்கான் என்ற சரக்குப் படகில் மூட்டை ஏற்றியவர்கள் ஒருவரை ஒருவர் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள், நாசி கண்டார் சோறும் கறியும் தோளில் கம்பு வைத்துச் சுமந்தவர் எந்தத் தெருவில் எந்த நேரத்துக்கு வருவார் என்பதை நான் எங்கே போய்ப் படிப்பது?

பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். 3 கேள்விகளை முன்கூட்டியே தந்துவிடுவோம், மீதி அங்கேயே பிறக்கும். சொல்லப் பிடிக்காததை "அத விடு" என்று சொல்லிவிடலாம். உங்கள் பேச்சை யாரும் திருத்த மாட்டோம். கிடங்கைக் 'கிட்டங்கி' என்பதும், முதலாளியைத் 'தவுக்கே' என்பதும் அப்படியே வரட்டும். பிள்ளைகள் திணறும்போது மட்டும் இரக்கப்பட்டு மலாய்க்கு மாறிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுத்தால் வாக்கியம் வந்து சேரும். அப்புறம், "நல்லாப் படிங்க, மொழிய மறக்காதீங்க" வேண்டாம். அதை நான் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்குவது என் பொறுப்பு. அடையாள அட்டையைக் கொண்டு வாருங்கள், காவலாளி கேட்பார். கைலியோடு வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார், அது என் கையில் இல்லை. கடை திறக்கும் முன்பே முடியவேண்டும் என்றால் முதல் பாடவேளையை உங்களுக்கு ஒதுக்குகிறேன். கடையை விட்டு வரவே முடியாதவர்கள் சொல்லி அனுப்புங்கள். 5 பேரைக் கூட்டி வருகிறேன், கல்லாப்பெட்டிப் பக்கத்தில் நின்றே கேட்பார்கள்.

பழைய கப்பல் சீட்டு யாரிடமாவது பெட்டிக்குள் இருந்தால் எடுத்து வாருங்கள். பிள்ளைகள் தொட்டுப் பார்த்ததும் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தெருவுக்கு அடிக்கடி வரும் தமிழ் டீச்சர்