மாணவர் தலைவர் தேர்வு குறித்துப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களே,

வணக்கம். பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகிறது. ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இப்போதுதான் கழிப்பறை எங்கே, குடிநீர்க் குழாய் எங்கே, எந்த மணிக்கு என்ன அர்த்தம் என்று பழகி வருகிறார்கள். இந்தச் சமயத்தில் ஒவ்வோர் ஆண்டும் மாணவர் தலைவர்களை அறிவித்து, கொடியேற்றிய கையோடு சட்டையில் பேட்ஜ் குத்திவிடுவோம். இந்த ஆண்டு இன்னும் அறிவிக்கவில்லை. சிலர் போனில் கேட்டீர்கள். “சார், எம்மவன் பத்தாம் வகுப்புல பள்ளியிலேயே முதல் மார்க். அவனை ஏன் இன்னும் கூப்பிடல?” என்று ஒரு தந்தை நேரிலேயே வந்து கேட்டார். நியாயமான கேள்வி. எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொல்லவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொண்டு முழுவதும் படியுங்கள்.

நம் பள்ளி திருச்சபை நடத்தும் பள்ளி. பிள்ளைகளில் இந்துக்கள் உண்டு, இஸ்லாமியர் உண்டு, கிறிஸ்தவர்கள் உண்டு. யாருடைய நம்பிக்கையையும் மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. ஆனால் நான் ஒரு கிறிஸ்தவன். தலைமை என்ற சொல்லை நான் புரிந்துகொண்டது அந்த நம்பிக்கையின் வழியாகத்தான். அதை மறைத்துக்கொண்டு எழுதினால் அது நேர்மையான கடிதமாக இருக்காது.

முதலில் என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும்.

எனக்குப் பதினைந்து வயது. எங்கள் ஊர் ஆலயத்தில் பேராயர் (பிஷப்) வந்து எங்களுக்குத் திடப்படுத்தல் கொடுத்தார், அதாவது எங்களைச் சபையின் முழு உறுப்பினராக ஏற்றுக்கொண்டார். அன்று முதல்முறையாக நற்கருணை எடுத்தோம். கிறிஸ்தவர் அல்லாத பெற்றோருக்காகச் சொல்கிறேன்: இயேசு தம் சீஷர்களோடு உண்ட கடைசி உணவை நினைத்து, அப்பத்தையும் திராட்சரசத்தையும் சபையார் பகிர்ந்துகொள்ளும் சடங்கு அது. எங்கள் ஆலயத்தில் எல்லாரும் ஒரே பாத்திரத்தில்தான் குடிப்போம். என் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தவன் என் நண்பன். பாடகர் குழுவில் பக்கத்தில் நிற்பவன், கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். அவன் வாய் வைத்த பாத்திரத்தை ஆலயக் குருவானவர் ஒரு துணியால் துடைத்து எனக்குக் கொடுத்தார். நானும் குடித்தேன்.

ஆராதனை முடிந்து அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். புது வேட்டி கட்டியிருந்தோம், இரண்டு பேருக்கும் ஒரே சந்தோஷம். அம்மா காப்பி போட்டார். எனக்கு எப்போதும் கொடுக்கும் எவர்சில்வர் டம்ளரில் வந்தது. அவனுக்கு, “அந்தத் தூண் பக்கத்துல இருக்கிற டம்ளர்ல ஊத்திக் குடுல” என்றார். அது வயல் வேலைக்கு வருகிறவர்களுக்கென்று திண்ணைத் தூணுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருக்கும் டம்ளர். நான் ஊற்றிக் கொடுத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. குடித்தான். குடித்துவிட்டுத் தொட்டியில் தண்ணீர் மோந்து, டம்ளரைத் தானே கழுவி, இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். அப்புறம் அவன் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.

என் அம்மா கெட்டவர் இல்லை. பஞ்ச காலத்தில் தன் பங்குச் சோற்றை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தவர். தினமும் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைப் பானையில் போடுகிறவர். அவருடைய பக்தியை நான் சந்தேகப்பட்டதில்லை. ஆனாலும் ஆலயத்தின் வாசற்படி வரைக்கும்தான் அந்த ஒரே பாத்திரம் எங்களோடு வந்தது. வீட்டுத் திண்ணையில் டம்ளர் இரண்டானது. அன்று அதைக் கையில் எடுத்துக் கொடுத்தவன் நான். அதனால் இதில் அம்மாவை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோதுதான் பேராயர் அசரியாவைப் பற்றி முழுதாகப் படித்தேன். வேதநாயகம் சாமுவேல் அசரியா நம் பக்கத்துக்காரர். 1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். அவருடைய அப்பா கிராமத்துக் குருவானவர். மெஞ்ஞானபுரத்துப் பள்ளியில் படித்து, அப்புறம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். உடல்நிலை சரியில்லாமல் போனதால் கடைசித் தேர்வு எழுத முடியவில்லை, பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். மதிப்பெண் ஒன்றையே வைத்துப் பிள்ளையை எடைபோடும் பெற்றோர் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கவேண்டும்.

1898இல் அவருக்கும் அன்பு மாரியம்மாளுக்கும் கல்யாணம் நடந்தது. வரதட்சணை கிடையாது, ஆடம்பரமும் கிடையாது. குருவானவர் மகன், படித்தவன், நல்ல வேலையில் இருப்பவன் என்றால் நம் பக்கத்தில் எவ்வளவு கேட்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். நம்பிக்கை அன்றாட வாழ்க்கையைத் தொடுகிறதா இல்லையா என்பது பிரசங்கத்தில் தெரியாது, கல்யாணப் பேச்சில் தெரிந்துவிடும்.

1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்கே இருந்த தமிழ்ச் சபையார் தங்கள் சொந்தப் பணத்தில், சொந்த ஆட்களை வைத்து ஊழியம் செய்வதைப் பார்த்தார். நாமும் ஏன் வெள்ளைக்காரர் கையையே எதிர்பார்த்திருக்கிறோம் என்ற கேள்வியோடு ஊர் திரும்பினார். மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. அவரும் சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கவில்லை. 1909இல் குருப்பட்டம் பெற்று, ஹைதராபாத் நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல் என்ற சிற்றூருக்குக் குடும்பத்தோடு போனார். தெலுங்கு கற்றுக்கொண்டார். மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் ஊர் ஊராகப் போனார்.

நான் சொல்ல வந்தது 1910இல் நடந்தது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. வந்திருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பியர், அமெரிக்கர். ஆசியாவிலிருந்து வந்தவர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அந்தக் கூட்டத்தில் முப்பத்தைந்து வயது அசரியா எழுந்து பேசினார். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் இந்தியாவில் பள்ளி நடத்திய சபைகளின் ஆட்களும் உண்டு, இந்திய ஊழியத்துக்குப் பணம் கொடுத்தவர்களும் உண்டு. அவர்கள் முகத்தைப் பார்த்தே சொன்னார்: இந்தியாவில் மிஷனெரிக்கும் இந்திய ஊழியருக்கும் நடுவே இருப்பது சம்பளம் கொடுப்பவர், வாங்குபவர் என்ற உறவுதான், நட்பு இல்லை. கடைசியில் அவர் சொன்னதன் சாரம் இது: ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையே சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பைபிளில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் வரும் சொற்களையே எடுத்து அவர்களிடம் கேட்டிருக்கிறார். எல்லாவற்றையும் அன்னதானம் செய்தாலும் அன்பு இல்லாவிட்டால் பயனில்லை என்று பவுல் சொல்கிறார். என் அம்மாவின் ஒரு பிடி அரிசி நினைவுக்கு வந்தது. அந்தத் தூணும் டம்ளரும் நினைவுக்கு வந்தன. வெள்ளைக்காரரைப் பார்த்து அசரியா கேட்டதை, எங்கள் திண்ணையைப் பார்த்து என் நண்பன் கேட்டிருக்கலாம். அவன் கேட்கவில்லை. கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அசரியா பேராயரானார். இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதல்முறை. பதவி வந்த பிறகும் தோர்ணக்கல்லை விட்டுப் போகவில்லை, 1945 ஜனவரி 1 அன்று அங்கேயேதான் காலமானார். அவரிடம் வந்த மக்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்ற இரண்டு ஒடுக்கப்பட்ட பிரிவினர். ஊரார் இரண்டு பேரையுமே ஒதுக்கினார்கள், அவர்களோ ஒருவரை ஒருவர் ஒதுக்கினார்கள். அவர்களை ஒரே சபையாக உட்கார வைக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கும் கிராமத்தைப் பிடித்த பேய்கள் என்று சொல்லி, அவற்றை விரட்டுவதையும் ஊழியமாகவே செய்தார். ஞானஸ்நானம் பெறுகிறவர் தம் கையைத் தம் தலைமேலேயே வைத்து, தான் பெற்றதை அடுத்தவரிடம் சொல்வேன் என்று உறுதி எடுக்கச் செய்தார். எழுதப் படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளியின் தலையில் பொறுப்பைத் தூக்கி வைத்து, அது உன்னால் முடியும் என்று நம்பியவர் அவர். எனக்குத் தெரிந்து தலைமைக்கு இதைவிட நல்ல பயிற்சி வேறில்லை.

ஒருமுறை விஜயவாடா போனபோது தோர்ணக்கல் வரைக்கும் போய் அவர் கட்டிய பேராலயத்தைப் பார்த்தேன். கட்டி முடிக்க இருபது ஆண்டுக்கும் மேல் ஆகி, 1939இல் திறக்கப்பட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் மசூதியோ என்று தோன்றும். உள்ளே நம் கோயில் மண்டபங்களைப் போலத் தூண்கள். சுற்றிலும் இருந்த மக்களுக்கு அந்நியமாகத் தெரியக்கூடாது என்று அப்படிக் கட்டினார். அந்தத் தூண்களுக்கு நடுவே உட்கார்ந்து, என் பள்ளியில் நான் என்ன மாற்றியிருக்கிறேன் என்று யோசித்தேன். பெரிதாக ஒன்றுமில்லை.

சரி, இப்போது நம் பள்ளிக்கு வருகிறேன்.

போன ஆண்டு நடந்த இரண்டு விஷயங்கள் என்னை உறுத்துகின்றன. மாணவர் தலைவன் ஒருவன், சாப்பாட்டு வரிசையில் நின்ற ஆறாம் வகுப்புப் பையனைப் பின்னால் தள்ளிவிட்டுத் தன் கூட்டாளிகளை முன்னே விட்டான். கேட்டதற்கு, “நான் லீடர் சார்” என்றான். அப்படி நினைக்க நாங்கள்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். பேட்ஜ் குத்தினோம், பேர் எழுதும் நோட்டைக் கையில் கொடுத்தோம், அதற்கு மேல் ஒன்றும் சொல்லித்தரவில்லை.

இன்னொன்று, பெற்றோர் ஒருவர் தன் மகளை இன்ன பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டாம் என்று கேட்டது. காரணத்தைச் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது. இடத்தை மாற்றவில்லை. அவர் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அந்த இரண்டு பெண்களும் இப்போது நல்ல சிநேகிதிகள் என்பதை மட்டும் அவருக்குத் தெரியப்படுத்துகிறேன்.

நம் தென்மாவட்டங்களில் கையில் கட்டும் வண்ணக் கயிறு எதற்கு வழிகாட்டுகிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு 2024இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையிலும் அதைத் தடுக்கச் சொல்லியிருக்கிறார். சாதியைக் காட்டும் எந்தக் கயிறும் நம் பள்ளி வாசலுக்குள் வராது. ஆலயத்துக்குத் தவறாமல் போகும் குடும்பத்துப் பிள்ளைகளின் கையிலும் அதைப் பார்த்தேன். அன்று எனக்கு வந்த வருத்தம் பெரிது. ஒரே பாத்திரத்தில் குடிக்கிற வீடுகள் அவை.

ஆகவே இந்த ஆண்டு முறையை மாற்றுகிறோம். தலைவராக விரும்பும் பதினொன்றாம் வகுப்பு மாணவ மாணவியர் யாராக இருந்தாலும் பெயர் கொடுக்கலாம், மதிப்பெண் பார்க்கமாட்டோம். ஒவ்வொருவரிடமும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேரை ஒப்படைப்போம். அந்த ஆறு பேரும் வெவ்வேறு தெருக்களிலிருந்து வருகிறவர்களாக இருப்பார்கள், அதை நானே பார்த்துப் பிரிப்பேன். தினமும் மதியம் அவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவர்கள் தட்டில் சோறு விழுந்த பிறகுதான் தன் தட்டை நீட்ட வேண்டும். யார் வரவில்லை, ஏன் வரவில்லை, யாருக்கு ஆங்கிலம் வாசிக்க வரவில்லை, யாரை யார் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் அந்தச் சிறு பிள்ளைகளிடம் தனித்தனியாக நானே பேசுவேன். அதற்குப் பிறகுதான் பேட்ஜ். பேர் எழுதும் நோட்டு இனி கிடையாது.

“படிக்கிற நேரத்தில் இது எதற்கு” என்று சிலர் கேட்கலாம். மதியச் சாப்பாட்டு நேரம் எப்படியும் இருக்கத்தான் செய்கிறது. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதை மட்டும்தான் மாற்றுகிறோம்.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பள்ளியில் நாங்கள் ஆறு மாதம் செய்வதை வீட்டுத் திண்ணை ஒரே நாளில் கலைத்துவிடும், என் வாழ்க்கையில் அப்படித்தான் நடந்தது. உங்கள் பிள்ளை நண்பனையோ தோழியையோ கூட்டிக்கொண்டு வந்தால் உள்ளே கூப்பிடுங்கள். எந்தத் தெரு, யார் மகன் என்று கேட்கும் முன் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். உங்கள் பிள்ளைக்கு எந்த டம்ளரோ அதே டம்ளரில் கொடுங்கள். குடித்த பிறகு அந்தப் பிள்ளை அதைக் கழுவ எழுந்தால், வாங்கி நீங்களே கழுவுங்கள்.

என் நண்பனை இருபத்தேழு வருடம் கழித்துத் தேடிப் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். “அது எப்பவோ நடந்தது, விடுடே” என்றான். அவன் மனைவி காப்பி கொண்டு வந்தார். குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைக்கலாமா என்று கேட்டேன். அவன் வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

பெயர் கொடுக்க விரும்பும் பிள்ளைகள் வரும் வெள்ளிக்கிழமைக்குள் தங்கள் வகுப்பாசிரியரிடம் சொல்லட்டும். திங்கட்கிழமை மதியம் முதல் பந்தி தொடங்குகிறது. அந்த வாரத்தில் உங்களுக்கு வசதியான எந்த நாளிலும் பன்னிரண்டரை மணிக்கு வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடலாம். முன்தினமே அலுவலகத்தில் சொன்னால் அதற்கேற்ப உலை வைக்கச் சொல்வேன். தட்டு கொண்டுவர வேண்டாம், பள்ளியிலேயே இருக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்