பள்ளி திறந்த பிறகு வந்து வீடு பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு பிள்ளைகளோடு ஊர் திரும்பும் குடும்பங்கள் வேலூரில் எங்கே குடியேறலாம் என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சதுர அடி என்ன விலை, எந்தப் பக்கம் மனை ஏறுமுகத்தில் இருக்கிறது, எங்கே லிஃப்ட் வைத்த அடுக்குமாடி வருகிறது என்பதெல்லாம் விவரமாக இருந்தன. அந்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளை காலையில் எப்படிப் பள்ளிக்கூடம் போகும், மாலையில் எப்படித் திரும்பும் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. விடுபட்ட அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் 35 ஆண்டுகள் வேலூரில் தபால்காரனாக இருந்தவன். 1984இல் சேர்ந்து 2019இல் ஓய்வுபெற்றேன். சத்துவாச்சாரி, கொசப்பேட்டை, காந்தி நகர் என்று பீட் (ஒரு தபால்காரர் கடிதம் கொடுக்கும் தெருக்கள்) மாறி மாறிச் சைக்கிளில் சுற்றியதில், எந்தத் தெரு எத்தனை மணிக்கு நெரியும், எந்தத் திருப்பத்தில் மழைத் தண்ணீர் முழங்கால் அளவு நிற்கும் என்பது எனக்கு மனப்பாடம். சவூதியிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்த, சிவப்பும் நீலமுமாகக் கரை போட்ட ஏர்மெயில் உறைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். எழுத்தறியாத தாய்மார்களுக்குத் திண்ணையில் உட்கார்ந்து படித்தும் காட்டியிருக்கிறேன். அந்தக் கடிதங்களை எழுதியவர்களின் பிள்ளைகளுக்கு இப்போது நாற்பது வயது. அவர்களும் வெளிநாடு போய், இப்போது திரும்ப நினைக்கிறார்கள். "மாமா, எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம், நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று தொலைபேசியில் கேட்கிறார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் சொந்த மகளே இதைக் கேட்டாள். அவளுக்குச் சரியான பதிலைச் சொல்ல நான் தவறிவிட்டேன்.

மகள் குடும்பம் ஒன்பது ஆண்டுகள் ஷார்ஜாவில் இருந்தது. மருமகனுக்கு வேலை துபாயில். வாடகை குறைவு, பிள்ளைகளின் பள்ளியும் அங்கேயே என்பதால் ஷார்ஜாவில் வீடு எடுத்திருந்தார்கள். இரண்டு ஊர்களுக்கும் நடுவிலுள்ள நெரிசலில் தினமும் நின்றவர் மருமகன்தான். நானும் மனைவியும் ஒரு மாதம் போய்த் தங்கியிருந்தபோது கண்ணால் பார்த்தேன். மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து குடியிருப்பின் வாசலுக்கே வரும். அதில் உதவிக்கு இருக்கும் பெண் இறங்கி வந்து பேரனைக் கைபிடித்து ஏற்றுவார். பேருந்தின் பக்கவாட்டில் 'நில்' என்ற பலகை விரிந்துவிட்டால் மற்ற வண்டிகள் நின்றாக வேண்டும். நிற்காதவருக்கு 1,000 திர்ஹாம் அபராதம், உரிமத்தில் 10 கரும்புள்ளி. அங்கே பெரியவர் அலைந்தார், பிள்ளைகள் அலையவில்லை. ஊருக்கு வரும்போது அந்தக் கணக்கையும் நாங்கள் கூடவே கொண்டுவந்திருக்க வேண்டும்.

எங்கே தவறினோம் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். வளைகுடா நாடுகளில் உள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் மார்ச்சில் ஓர் ஆண்டு முடிந்து ஏப்ரலில் அடுத்தது தொடங்குகிறது. ஆகவே தேர்வு முடிந்த கையோடு குடும்பங்கள் இங்கே வந்து இறங்குகின்றன. வீடு தேடுவது ஏப்ரல், மே மாதங்களில். 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் பதினோரு மணிக்குமேல் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. பள்ளிகளுக்கும் விடுமுறை. தரகர் தன் காரிலேயே அழைத்துப்போவார், வேலூருக்கும் காட்பாடிக்கும் நடுவிலுள்ள பாலாற்றுப் பாலத்தை நிற்காமல் தாண்டிவிடுவார். "பாருங்கள், பள்ளிக்கூடம் பத்தே நிமிடம்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. மே மாதத்தில் அது பத்து நிமிடம்தான். ஜூன் மாதம் காலை எட்டேகாலுக்கு அதே பாலத்தில் பள்ளி வேன்களும் கல்லூரிப் பேருந்துகளும் ஆட்டோக்களும் ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும்போது அந்தத் தரகர் அங்கே இருக்க மாட்டார்.

ஷார்ஜாவில் இருந்தபடியே படங்களைப் பார்த்து மகள் முடிவு செய்த வீடு, தேசிய நெடுஞ்சாலை 48ஐ ஒட்டிய ஒரு புதிய அடுக்குமாடியில் இருந்தது. லிஃப்ட், ஜெனரேட்டர், வழவழப்பான தரை. நானும் போய்க் குழாயைத் திறந்து பார்த்தேன், மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தேன், நன்றாக இருக்கிறதம்மா என்றேன். பள்ளியில் இடம் கிடைத்ததோ பாலாற்றுக்கு அக்கரையில், காட்பாடிப் பக்கம். மருமகன் துபாயிலேயே வேலையைத் தொடர, மகள் பிள்ளைகளோடு வந்து குடியேறினாள். ஏழாம் வகுப்புப் பேத்தியும் மூன்றாம் வகுப்புப் பேரனும் காலை 7.05க்கு வேனில் ஏறினால் பள்ளிக்குப் போய்ச் சேர 8.30 ஆகும். மாலையில் வீடு வந்து சேர ஐந்தேகால். பல நாள் பேரன் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தூங்கிவிடுவான்.

அக்டோபரில் ஒரு நாள் வழக்கமான வேன் ஓட்டுநர் வரவில்லை, மாற்று ஆள் வந்திருந்தார். பேத்திக்குக் காய்ச்சல் என்பதால் அவள் அன்று பள்ளிக்குப் போகவில்லை. அந்த மனிதர் சுற்றிக்கொண்டு வர மனமில்லாமல், நெடுஞ்சாலையின் எதிர்ப்பக்கச் சர்வீஸ் சாலையிலேயே பேரனை இறக்கிவிட்டுப் போய்விட்டார். வாசலில் காத்திருந்த நான் ஐந்தரை ஆனதும் பொறுக்காமல் நடந்தேன். எதிர்ப்பக்கத்தில் ஒரு பெட்டிக்கடையின் தகரக் கூரைக்கடியில் அவன் நின்றுகொண்டிருந்தான். பையை முன்பக்கமாக மாட்டி, இரண்டு கைகளாலும் அதைக் கட்டிக்கொண்டிருந்தான். அழவில்லை. என்னைப் பார்த்ததும் கையசைத்தான், அசைத்தபடியே சாலையை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தான். "அங்கேயே நில்" என்று நான் கத்தியது லாரிச் சத்தத்தில் அவனுக்குக் கேட்டிருக்காது. கடைக்கார அம்மாள் எட்டி அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார். வளையல்கள் முழங்கைவரை ஏறிக் கிடந்த அந்தக் கையை என்னால் மறக்க முடியவில்லை.

பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாட்டில் 2012இலேயே தனி விதிகள் வந்துவிட்டன. வண்டியில் உதவியாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது அவற்றில் உண்டு. அன்று அந்த வேனில் அப்படி யாரும் இல்லை. யார் மீதும் பழி போட்டுச் சண்டை பிடிக்க நான் இதை எழுதவில்லை. வேனில் ஓட்டுநரைத் தவிர வேறு ஆள் உண்டா, பிள்ளையைச் சாலையின் எந்தப் பக்கம் இறக்குவீர்கள் என்ற இரண்டு கேள்விகளை முன்பணம் கொடுப்பதற்கு முன் நாங்கள் கேட்டிருக்க வேண்டும். தண்ணீர் வருமா, கார் நிறுத்த இடம் உண்டா என்றுதான் கேட்டோம்.

பொங்கலுக்குள், பள்ளி இருக்கும் காட்பாடிக் கரையிலேயே, காந்தி நகரில் ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். கொடுத்த அட்வான்ஸில் ஒரு பகுதி போனது போனதுதான். இங்கே லிஃப்ட் இல்லை, மொசைக் தரை, வாசலில் ஒரு வேப்பமரம். பள்ளிக்கு நடந்து 11 நிமிடம்.

எல்லோரும் காந்தி நகருக்கே வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைக்கு எந்தக் கரையில் பள்ளி கிடைக்கிறதோ அந்தக் கரையில் வீடு பாருங்கள் என்கிறேன். பாலாற்றை நீரில்லா ஆறு என்று சொல்லியே பழகிவிட்டோம். அது 2021 நவம்பரில் எப்படிப் பெருக்கெடுத்து ஓடியது என்பதையும் பார்த்தோம். 2022 ஜூனில், பள்ளிகள் திறக்கும் அதே மாதத்தில், காட்பாடி ரயில்வே மேம்பாலம் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டது. ஒரு பக்கம் வீடும் மறுபக்கம் பள்ளியுமாக இருந்தவர்கள் அந்த நாட்களில் சுற்றிய சுற்று அவர்களுக்குத்தான் தெரியும்.

மருத்துவமனையில் வேலைக்கு வருகிறவர்களும், வயதான பெற்றோரைச் சிகிச்சைக்கு அருகில் வைத்துக்கொள்ள நினைப்பவர்களும் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியே வீடு கேட்கிறார்கள். பாபு ராவ் தெரு, காந்தி ரோடு பக்கமெல்லாம் லாட்ஜ்களும் மருந்துக் கடைகளும்தான். மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளுக்கு அவை வேண்டும். பத்து வயதுப் பிள்ளை பந்து உதைக்க அங்கே இடமில்லை. மருத்துவக் கல்லூரி இருக்கும் பாகாயம் அங்கிருந்து சுமார் 7 கிலோமீட்டர். மலையை ஒட்டிய, அமைதியான இடம். அந்தப் பக்கத்துப் பள்ளியிலேயே இடம் கிடைத்தால் தாராளமாகப் போகலாம். அங்கே குடியிருந்துகொண்டு பிள்ளையைக் காட்பாடிப் பள்ளிக்கு அனுப்பினால் தினமும் இரண்டு முறை அது ஊரையே குறுக்கே கடக்க வேண்டும். சத்துவாச்சாரியில் வீட்டு வசதி வாரியத் தெருக்கள் ஒழுங்கானவை. பள்ளி நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதை மட்டும் முதலில் பாருங்கள். தரைத்தளம் எடுக்கிறவர்கள் ஐப்பசி மழையில் தெருவில் தண்ணீர் நிற்குமா என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் எதிர்வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி இங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். பேத்தி வீட்டில் தமிழ் பேசுவாள், எழுதப் படிக்கத் தெரியாது. ஷார்ஜாவில் அவள் படித்தது இந்தியும் அரபியும். அடுக்குமாடியில் இருந்த ஏழு மாதமும் டியூஷன் வைத்தோம், எழுத்துக்களைக் கற்றுக்கொண்டாள், ஆனால் பயந்து பயந்து படித்தாள். காந்தி நகருக்கு வந்தபின் மாலை நேரத்தில் என்னோடு என் பழைய பீட்டில் நடக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு வாசல் பலகையாக நின்று படிப்பாள். 'அன்னை இல்லம்' என்ற பலகைக்கு முன்னால் நின்று, ரெண்டு சுழியா மூன்று சுழியா என்று விரலால் காற்றில் எழுதிப் பார்த்தாள். மறுவாரம் அந்த வீட்டுப் பாட்டி அவளைக் கூப்பிட்டு, ஊரிலிருந்து வந்த பத்திரிகை ஒன்றைக் கொடுத்து, கல்யாணம் என்றைக்கு என்று படித்துச் சொல்லச் சொன்னார். தேதி, முகூர்த்த நேரம், மண்டபம் எல்லாவற்றையும் திக்கித் திக்கிப் படித்துச் சொல்லிவிட்டு, வழியெல்லாம் என் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தாள். நடந்து போகக்கூடிய தெருவில் வீடு இல்லாதிருந்தால் இது நடந்திருக்காது.

ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை வெளியிடும்போது தயவுசெய்து உங்கள் நிருபரை ஜூன் மாதத் திங்கட்கிழமை ஒன்றில் காலை எட்டு மணிக்குச் சாலையில் நிற்கச் சொல்லுங்கள். பள்ளிகள் தங்கள் வேன் எந்தெந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு நிற்கும் என்பதைச் சேர்க்கைக்கு முன்பே பலகையில் ஒட்ட வேண்டும் என்றும் எழுதுங்கள்.

என்னிடம் கேட்பவர்களுக்கு இப்போது நான் சொல்வது இதுதான். முதலில் பள்ளியில் இடம் வாங்குங்கள். அதற்கு அருகில் எப்படிப்பட்ட வீடானாலும் சில மாதங்களுக்கு வாடகைக்கு எடுங்கள். மனையோ அடுக்குமாடியோ வாங்குவதைப் பள்ளி திறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த வீடு ஒன்று அமைந்தால், பள்ளி நாளில் காலை எட்டு மணிக்கு அந்த வாசலில் இருந்து பிள்ளையோடு பள்ளி வரை ஒருமுறை நடந்து பாருங்கள். கூட வர ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
வேலப்பாடி, வேலூர்.